காதல் கடிதமும் கிரீம் பன்னும்

2014 ஆகஸ்டு தொடக்கத்தில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளத்தில் ஒரு கட்டுரை வெளியானது. பிரதமர் மோடிக்கு ஜெயலலிதா எழுதும் ‘காதல் கடிதங்களுக்கு’ என்ன மதிப்பு என்று கேட்டது அதன் தலைப்பு. இருவரையும் காதல் ஜோடிபோல இணைத்துக் காட்டிய ஒரு சித்திரமும் உடன் இருந்தது. அந்தக் கடிதங்களில் இருந்தவை கடலில் பிடிபட்ட மீனவர்களும் பறிமுதலான படகுகளும் கச்சத்தீவும்தான். நாடாளுமன்றத்தில் அ.தி.மு.க. உறுப்பினர்கள் பிரச்சினையைக் கிளப்பினார்கள், கட்டுரை நீக்கப்பட்டது, பிரதமரிடமும் தமிழக முதல்வரிடமும் இலங்கை நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டது. விவகாரம் அதோடு முடிந்ததாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தச் சித்திரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் வேறொன்று புலப்படும். டெல்லிக்குக் கடிதம் எழுதுவது தமிழக முதல்வர்களின் பழைய வழக்கம். மீனவர் பிரச்சினைக்காகக் கருணாநிதியும் எழுதினார். கடிதம் எழுதியே காலத்தை ஓட்டுகிறார் என்று அவரை அ.தி.மு.க. உட்பட எதிர்க்கட்சிகள் கிண்டலடித்தன. அது நியாயமான கிண்டல். எழுதுவதற்கும் செய்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை அது சுட்டியது. அதே வேலையை ஒரு பெண் செய்தபோதுதான் கடிதம் காதல் கடிதமாயிற்று.

அரசியல் கேலிச்சித்திரத்தில் பெண் இழிவு பற்றிப் பேசும்போது, பெரும்பாலும் அது கண்ணியம் பற்றிய பேச்சாகவே முடிந்துவிடுகிறது. ‘இப்படியெல்லாம் வரையலாமா’ என்று ஒரு தரப்பு கேட்கிறது. ‘கேலிக்கு எல்லை ஏது’ என்று மறுதரப்பு திருப்புகிறது. இந்தக் கட்டுரையின் வாதம் வேறு. பெண் தலைவரின் உடலையும் உறவு நிலையையும் குறிவைக்கும் கார்ட்டூன் அந்தப் பெண்ணுக்குச் செய்யும் கெடுதல் ஒருபுறம் இருக்கட்டும். வாசகருக்குச் செய்யவேண்டிய வேலையை அது செய்வதில்லை. கார்ட்டூனுக்குத் தேதி உண்டு. நேற்று எடுத்த முடிவு, இன்று காலை வந்த அறிக்கை, நாளை நடக்கவிருக்கும் வாக்கெடுப்பு இவற்றின் மீதுதான் அது நிற்கிறது. ஒரு படத்தின் தேதியை மறைத்துவிட்டு, அது எந்த ஆட்சியின் எந்தத் தவறைச் சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். எந்த நாளிலும் எந்தப் பெண்ணைப் பற்றியும் அச்சிடக்கூடிய படமாக அது இருந்தால், அங்கே அரசியல் விமர்சனம் நடக்கவில்லை. விமர்சிக்கப்பட வேண்டியவர் தப்பித்துக்கொண்டார்.

இந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்பதைப் பார்க்க வேண்டும். தமிழில் பத்திரிகைக் கேலிச்சித்திரத்துக்கு முன்னோடி பாரதியின் ‘இந்தியா’. சென்னையிலிருந்து 1906-இல் தொடங்கிய அந்த வார இதழ் ஆங்கில ஆட்சியைப் படம் போட்டு அடித்தது. பிறகு வந்த வெகுஜன வார இதழ்களில் இரண்டு வகைச் சித்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன: ஒன்று அரசியல், மற்றொன்று நகைச்சுவைத் துணுக்கு. துணுக்குப் பக்கத்துக்கென்று சில நிரந்தரப் பாத்திரங்கள் உண்டு. பருத்த மனைவி, ஒல்லிக் கணவன், கையில் பூரிக்கட்டை, மருமகளிடம் எரிந்து விழும் மாமியார், பக்கத்து வீட்டுச் சேலையைப் பார்த்துப் பொருமுகிறவள். அரசியல் கார்ட்டூனில் ஒரு பெண்ணை வரைய வேண்டி வந்தபோது, கைக்கெட்டிய தூரத்தில் இருந்தவை இந்தப் பாத்திரங்கள்தான். வரைபவர் வன்மத்தோடு வரைந்தார் என்று நினைக்கத் தேவையில்லை. பழகிய கை பழகிய கோட்டைப் போட்டது, அவ்வளவுதான்.

தேர்தல் காலத்துக் கூட்டணிப் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். தொகுதிப் பங்கீட்டை இங்கே பெண் பார்க்கும் படலமாக வரையாத தேர்தல் உண்டா? சேலை கட்டி, தலை குனிந்து, காபித் தட்டை ஏந்தி வருகிறார் ஒரு கட்சித் தலைவர், மீசையோடு. சீர்வரிசையாக இத்தனை தொகுதி. கூட்டணி மாறினால் ஓடிப்போன மனைவி. இரண்டு பக்கமும் பேசினால் சின்ன வீடு. ஆண் தலைவரைப் பலவீனமானவராகவோ நம்பத்தகாதவராகவோ காட்ட வேண்டுமென்றால் அவரைப் பெண்ணாக்கினால் போதும் என்பது இந்தப் படங்களின் இலக்கணம். எதிர்த்தரப்பு அமைச்சருக்கு வளையலும் சேலையும் அனுப்பும் போராட்டம் இதே இலக்கணத்தின் தெரு வடிவம். அதை மகளிர் அணியினரே முன்னின்று நடத்துவது இன்னும் வேடிக்கை. கேலிச்சித்திர மொழியில் பெண் என்றாலே காத்திருப்பவள், அல்லது ஏமாற்றுபவள். அப்படியொரு மொழிக்குள், முப்பத்தொன்பது தொகுதிகளின் பங்கீட்டைத் தானே முடிவு செய்து மற்றவர்களைக் காத்திருக்க வைத்த ஒரு பெண் வந்து நின்றார்.

ஜெயலலிதாவை இந்த மொழி எப்படிச் சமாளித்தது என்பதற்கு 1998-99 நல்ல சான்று. 18 உறுப்பினர்களோடு வாஜ்பாய் அரசுக்கு ஆதரவு தந்த அவர், தி.மு.க. அரசைக் கலைக்க வேண்டும் என்று நெருக்கினார். டெல்லியிலிருந்து தூதர்கள் அவரது போயஸ் தோட்ட வீட்டுக்கு வந்துபோனார்கள். 1999 ஏப்ரல் 17 அன்று ஒரே ஒரு வாக்கில் அரசு கவிழ்ந்தது. அந்தப் பதின்மூன்று மாதப் பேச்சிலும் படத்திலும் மேலோங்கியது பிடிவாதம், கோபம், மனம் போன போக்கு. இரண்டே ஆண்டுக்கு முன், 1997 மார்ச் இறுதியில், சீதாராம் கேசரி தலைமையிலான காங்கிரஸ் தேவகவுடா அரசுக்கு ஆதரவை விலக்கிக்கொண்டது. கேசரியைப் பதவி ஆசை கொண்ட கிழவர் என்றார்கள், சூழ்ச்சிக்காரர் என்றார்கள். இரண்டும் கடுமையான வசவுகள்தான். ஆனால் இரண்டும் அவர் கணக்குப் போட்டார் என்று ஒப்புக்கொள்பவை. ஜெயலலிதாவுக்கோ கணக்கு மறுக்கப்பட்டு மனநிலை கொடுக்கப்பட்டது. அதனால் நட்டமடைந்தது யார்? தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மாநில அரசை 356-ஆவது பிரிவால் கலைக்கச் சொல்லி மத்திய அரசை மிரட்டுவது எவ்வளவு பெரிய அரசியல் சாசன விபரீதம் என்பதை வரைய வேண்டிய இடத்தில், முகம் சிவந்த ஒரு பெண்மணியைப் பார்த்துவிட்டு வாசகர் பக்கத்தைத் திருப்பினார்.

இதைவிடத் தெளிவான சான்று 1996 டிசம்பரில் போயஸ் தோட்ட வீட்டில் நடந்த சோதனை. 28 கிலோ தங்கம், 800 கிலோ வெள்ளி, 10,500 சேலைகள், 750 ஜோடிச் செருப்புகள், 91 கைக்கடிகாரங்கள் என்று பட்டியல் வந்தது. ஊர் வாயில் நின்றது எது? சேலையும் செருப்பும். பத்தாண்டுக்கு முன் மணிலாவில் இமெல்டா மார்கோஸின் செருப்புகள் உலகச் செய்தியானதை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு ஒப்புமையும் தயாராக இருந்தது. ஆனால் வழக்கு சேலையைப் பற்றியதல்ல. 66 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட சொத்து, தொடர் தொடராய்ப் பதிவான நிறுவனங்கள், அவற்றின் பெயரில் வாங்கப்பட்ட நிலங்கள், அந்த நிலப் பதிவுகள் நடந்த விதம் இவைதான் பெங்களூருத் தனி நீதிமன்றத்தில் 2014 செப்டம்பர் 27 அன்று நான்காண்டுத் தண்டனைக்கும் 100 கோடி ரூபாய் அபராதத்துக்கும் இட்டுச்சென்றன. சேலைக் குவியலை வரைந்தபோது ஊழல் ஒரு பெண்ணின் அலங்கார ஆசையாகச் சுருங்கியது. 2ஜி விவகாரத்தில் ஆ. இராசாவைச் சுற்றிப் பூஜ்யங்களை அடுக்கினார்கள். அந்தத் தொகை எவ்வளவு சரி என்பது வேறு விஷயம், படம் பேசியது அரசுப் பணத்தைப் பற்றி. பீரோவைத் திறந்து காட்டும் படம் அரசாங்கத்தை மறைத்துவிடுகிறது. ஆசைப்பட்டு வாங்கிக் குவித்த அம்மணி என்ற சித்திரத்தில், பதிவுத் துறைக்கும் வங்கிக்கும் அதிகாரிகளுக்கும் இடமே இல்லை.

இங்கே முதல் மறுப்பு எழும். கேலிச்சித்திரம் என்றாலே உருவத்தை ஊதிப் பெருக்குவதுதானே? எம்.ஜி.ஆரின் தொப்பி, கருணாநிதியின் கறுப்புக் கண்ணாடியும் மஞ்சள் துண்டும், வைகோவின் கறுப்புத் துண்டு, விஜயகாந்தின் சிவந்த கண்கள் எதையும் கார்ட்டூனிஸ்டுகள் விட்டுவைத்ததில்லையே? உண்மைதான். இந்த மறுப்பில் பாதி ஏற்கத்தக்கது. ஜெயலலிதாவின் முதல் ஆட்சிக்காலத்து மேலங்கியை வரைந்தது எம்.ஜி.ஆரின் தொப்பியை வரைந்ததற்குச் சமம்; அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் மேலே சொன்ன ஆண்களின் பட்டியலில் பெரும்பாலானவை அவர்களே தேர்ந்தெடுத்து அணிந்த அடையாளங்கள். பெண்களிடம் வரும்போது தூரிகை உடைமையைத் தாண்டி உடம்புக்குப் போகிறது: எடை, நிறம், வயது, தலைமுடி. தமிழிசை சௌந்தரராஜன் 2014 முதல் 2019 வரை மாநில பா.ஜ.க. தலைவராக இருந்த காலத்தில், கட்சி அலுவலகமான கமலாலயத்திலிருந்து அவர் சொன்ன எத்தனையோ கருத்துகள் கிழித்துத் தோரணம் கட்டத்தக்கவை. சமூக ஊடகச் சித்திரங்களில் பெரும்பகுதி அவருடைய முடியைப் பற்றியது. சுருட்டை முடிக்குத் தேதி கிடையாது.

விஜயகாந்தின் கண்ணைப் பற்றிய கேலியும் கொடியதுதானே என்று கேட்கலாம். கொடியதுதான். அது ஒரு மனிதரின் பழக்கத்தைச் சொல்லிக் காயப்படுத்தியது. ஆண்கள் அரசியலுக்கு வரலாமா என்ற கேள்வியை அது யாரிடமும் எழுப்பவில்லை. ஜெயலலிதாவை ‘நடிகை’ என்று சொன்னபோது அந்தக் கேள்வி கூடவே வந்தது. எம்.ஜி.ஆரும் நடிகர்தான், திரை அவருக்கு வீரனின் முகத்தைக் கொடுத்தது, அவருக்குப் பின் வந்தவருக்கு அதே திரை ஒரு வசைச்சொல்லைக் கொடுத்தது. அமைச்சர்கள் காலில் விழும் புகழ்பெற்ற காட்சியையும் இப்படிப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜெயலலிதா வரும் ஹெலிகாப்டரைப் பார்த்துக் கும்பிடும் அமைச்சர்களை வரைவது அரசியல் கார்ட்டூனின் தலையாய கடமை. உட்கட்சி ஜனநாயகம் எப்படி உயிரை விட்டது என்பதற்கு அதைவிடச் சிறந்த படம் கிடையாது. அதே படத்தின் சிரிப்பு ‘ஒரு பொம்பளை காலில் போயா’ என்ற இடத்தில் முளைத்தால், கேலி அடிமைத்தனத்தை விட்டுவிட்டு ஆண்மைக் குறைவுக்குத் தாவிவிடுகிறது. ஆண் தலைவர் காலில் விழுந்தால் பரவாயில்லை என்று அது சொல்லாமல் சொல்கிறது.

நிர்வாணமும் அப்படியே. 1975 டிசம்பரில், நெருக்கடிநிலைக் காலத்தில், அபு ஆபிரகாம் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ இதழில் குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் கிடந்தபடி அவசரச் சட்டங்களில் கையெழுத்திடுவதாக வரைந்தார். 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமையால் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்தபோது, கார்ட்டூனிஸ்ட் பாலா முதல்வரையும் ஆட்சியரையும் காவல் ஆணையரையும் ஆடையின்றி, ரூபாய் நோட்டால் மறைத்துக்கொண்டு நிற்பவர்களாக வரைந்தார். நவம்பர் 5 அன்று கைதானார். இரண்டிலும் உடம்பு ஒரு குறிப்பிட்ட நாளின் குறிப்பிட்ட அவமானத்தைச் சொல்கிறது. 2012 செப்டம்பரில் கொழும்பின் ‘லக்பிம நியூஸ்’ மன்மோகன் சிங்கையும் ஜெயலலிதாவையும் சேர்த்து ஆபாசமாக ஒரு படம் போட்டது. அந்த வாரத்தில் ஜெயலலிதாவைக் கண்டிக்க அருமையான காரணம் இருந்தது: விளையாட வந்த இலங்கைக் கால்பந்து அணிகளை, பள்ளி மாணவர்கள் உட்பட, சென்னையிலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார். ஓர் அரசின் மீதுள்ள கோபத்தைப் பிள்ளைகள் மீது காட்டலாமா என்ற கேள்வி கொழும்பிலும் எடுபட்டிருக்கும், இங்கும் எடுபட்டிருக்கும். படம் வந்ததும் அந்தக் கேள்வி காணாமல் போனது. பேச்செல்லாம் அவருக்கு நேர்ந்த அவமதிப்பைப் பற்றியதாயிற்று. கேள்வி கேட்கப்பட வேண்டியவர், அனுதாபத்துக்குரியவரானார்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. ஜெயலலிதா சும்மா இருந்த பெண்ணல்ல. ‘அம்மா’ என்ற பிம்பத்தைத் தானே எழுப்பி, உணவகத்திலிருந்து உப்புவரை அதை ஒட்டியவர். 2011 முதல் ஐந்தாண்டுகளில் 213 அவதூறு வழக்குகள் போடப்பட்டதை உச்ச நீதிமன்றமே கேள்வி கேட்டது. இப்படிப்பட்டவரைப் பெண் என்ற சலுகையோடு வரைய முடியுமா? சலுகை வேண்டாம். அந்தப் பிம்பத்தைத்தான் வரைய வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம் இதற்கு ஒரு பாடமே நடத்தியது. செம்பரம்பாக்கம் நீர் அடையாற்றில் பாய்ந்து கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் மூழ்கிக் கிடந்தபோது, யாரோ அனுப்பிய நிவாரணப் பொட்டலங்களில் முதல்வர் படம் ஒட்டப்படுவதாகச் செய்தி பரவியது. அந்த வாரத்துச் சித்திரங்கள் ஸ்டிக்கரைப் பிடித்துக்கொண்டன. கண்ணில் பட்டதன் மீதெல்லாம் ஸ்டிக்கர். அவரது எடையும் வயதும் திருமணமாகாத வாழ்க்கையும் அந்தக் கேலிக்குத் தேவைப்படவே இல்லை. அடி மட்டும் சரியாக விழுந்தது. இன்னொன்றும் கவனிக்கத்தக்கது: அந்தக் கேலி அவரோடு முடியவில்லை. ஸ்டிக்கர் ஒட்டும் அரசு என்று பின்னால் தி.மு.க. ஆட்சியையும் சொன்னார்கள், மத்தியத் திட்டங்களைப் பற்றிய சண்டையிலும் அதே சொல் புழங்கியது. அதிகாரத்தைக் குறிவைத்த கேலி அடுத்து நாற்காலியில் உட்காருபவருக்கும் பொருந்துகிறது.

கேலி உடம்பைத் தொடாமல் இருக்க முடியும் என்பதற்குத் தமிழில் நூறாண்டுக்கு முந்தைய சான்றும் உண்டு. அடையாறில் பிரம்மஞான சங்கத்தின் தலைவியாக வீற்றிருந்த அன்னி பெசன்டைப் பாரதி கடுமையாக வெறுத்த காலத்தில், 1914-இல், பொன்வால் நரியைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு விலங்குக் கதை எழுதினார். ஈவு இரக்கமில்லாத அங்கதம் அது. அதன் குறி, அந்த அம்மையார் கோரிய ஆன்மிகத் தலைமையும் அதை நம்பிப் பின்னால் போனவர்களும்தான்.

மூன்றாவது மறுப்பு தமிழ்நாட்டுக்கே உரியது; அதைச் சொல்பவர்கள் முற்போக்காளர்கள். நிர்மலா சீதாராமனை ‘ஊறுகாய் மாமி’ என்பது சாதி மேட்டிமையின் மீதான விமர்சனம், அதில் பெண் இழிவு எங்கே வந்தது என்கிறார்கள். வெங்காய விலை கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய 2019 டிசம்பரில், வெங்காயம் பூண்டு அதிகம் சாப்பிடாத குடும்பத்திலிருந்து வருகிறேன் என்று நிதியமைச்சர் மக்களவையில் சொன்னதைப் பற்றி ஒரு கார்ட்டூன் போட்டால், அது சாதியையும் பேசும், விலைவாசியையும் பேசும். தன் வீட்டுச் சமையலை நாட்டின் கணக்காக நினைக்கும் மனப்பான்மையைச் சரியாகப் பிடிக்கும். ஊறுகாய் ஜாடி பேசுவது என்ன? இவள் இருக்க வேண்டிய இடம் அடுக்களை என்பதைத் தவிர? மயிலாப்பூர் மாமி என்பது சபா நாடகங்களும் துணுக்குப் பக்கங்களும் சேர்ந்து வளர்த்த பாத்திரம். அந்த அச்சில் வார்த்ததும் நிதியமைச்சர் மறைந்து மாமி மட்டும் மிஞ்சுகிறார். 2022 அக்டோபரில் அவர் மயிலாப்பூர் சந்தைக்கு வந்து சுண்டைக்காயும் கீரையும் வாங்கிய காணொளி பரவியபோது, மாமி காய் வாங்குகிறார் என்ற ஒரே சிரிப்புத்தான் எங்கும். அதே வாரத்தில் வெளியான செப்டம்பர் மாதச் சில்லறைப் பணவீக்கம் 7.41 சதவீதம். வரம்பான ஆறு சதவீதத்தை மூன்று காலாண்டுகளாகத் தாண்டியதால் அரசுக்கு விளக்கக் கடிதம் எழுதவேண்டிய நிலைக்கு ரிசர்வ் வங்கி வந்திருந்தது. கூடையில் கீரையோடு நிதியமைச்சர், கையில் விலைப்பட்டியலோடு கடைக்காரர்! அந்தப் படத்துக்கு மாமி தேவையில்லை. ஆண் நிதியமைச்சர் சந்தைக்கு வந்திருந்தாலும் அதையே போட்டிருக்கலாம்.

சிரிப்பவர்களில் பெண்களும் உண்டு என்பதையும் ஒரு வாதமாகச் சொல்கிறார்கள். அதில் சாரமில்லை; பூரிக்கட்டைத் துணுக்குக்கும் வீட்டில் பெண்கள் சிரித்தார்கள். இன்னும் கவனிக்க வேண்டியது, யார் வரைகிறார்கள் என்பது. அரசியல் கார்ட்டூன் இந்தியாவில் நெடுங்காலம் ஆண்களின் தொழில். பெங்களூரிலிருந்து வரைந்த மாயா காமத் 2001-இல் இறந்தபோது அந்தத் துறையில் அறியப்பட்ட பெண் பெயர்கள் அரிதாகவே இருந்தன. அவருடைய படங்களைக் காப்பாற்றித் தொகுத்தது மும்பையில் நம் எழுத்தாளர் அம்பை நிறுவிய ‘ஸ்பாரோ’ ஆவணக் காப்பகம்.

இப்படி வரைபவர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டுமா என்றால், வேண்டாம். 1987-இல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைக்காக ‘ஆனந்த விகடன்’ ஆசிரியர் பாலசுப்பிரமணியனைச் சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியதையும் பாலாவின் கைதையும் பார்த்த ஊரில், இன்னொரு ஆயுதத்தை அரசின் கையில் கொடுக்க யாரும் விரும்பமாட்டார்கள். கட்சிகளின் கண்டனத்தையும் நம்ப முடியாது. 2018-இல் பா.ஜ.க.வின் எச். ராஜா கனிமொழியின் பிறப்பை இழுத்து எழுதியபோது கொதித்த தி.மு.க. தரப்பு, 2022-இல் தன் கட்சிப் பேச்சாளர் பா.ஜ.க.வில் உள்ள நடிகைகளைக் கேவலமாகப் பேசியபோது தடுமாறியது. கனிமொழி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது அரிதான நிகழ்வு. 2024 தேர்தலில் மயிலாப்பூரும் தியாகராய நகரும் அடங்கிய தென்சென்னைத் தொகுதியில் முதல் இரண்டு இடங்களிலும் பெண்களே வந்தார்கள்: வென்றவர் தமிழச்சி தங்கபாண்டியன், அடுத்து வந்தவர் தமிழிசை. அடுத்த வாரமே ஆந்திரப் பதவியேற்பு மேடையில் அமித் ஷா தமிழிசையிடம் விரலை ஆட்டிப் பேசிய காட்சி பரவியது. அவர் முடியைப் பல ஆண்டுகள் கேலி செய்த பக்கங்கள்கூட அன்றைக்குத் தமிழ்ப் பெண்ணின் மானம் காக்கப் புறப்பட்டன. ஒரு மாநிலத்தின் முன்னாள் கட்சித் தலைவரை மேடையில் வைத்துக் கண்டிக்கும் டெல்லித் தலைமை பற்றிய அருமையான உட்கட்சி அரசியல் அந்த மானப் பேச்சில் மூழ்கிப்போனது.

2024 செப்டம்பரில் கோவையில் நிர்மலா சீதாராமன் பங்கேற்ற தொழில்முனைவோர் கூட்டத்தில், அன்னபூர்ணா ஓட்டல் குழுமத்தின் தலைவர் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார். பன்னுக்கு ஜி.எஸ்.டி. இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் பதினெட்டு சதவீதம் என்றார். வாடிக்கையாளர் பன்னைத் தனியாகவும் கிரீமைத் தனியாகவும் கொடுங்கள், நாங்களே தடவிக்கொள்கிறோம் என்கிறார்களாம். அரங்கம் சிரித்தது. மறுநாள் அவர் அமைச்சரைத் தனியே சந்தித்து வருத்தம் தெரிவித்தார். அந்தச் சந்திப்பின் காணொளியைப் பா.ஜ.க.வினரே வெளியிட்டார்கள். அடுத்த சில நாட்களுக்குத் தமிழ்நாட்டில் திரும்பிய பக்கமெல்லாம் கிரீம் பன் கார்ட்டூன். வரி விகிதத்தின் அபத்தமும், கேள்வி கேட்ட வியாபாரியைப் பணிய வைத்த அதிகாரமும் ஒரே பன்னுக்குள் அடங்கிவிட்டன. ஆண்டுக்கணக்கில் ஊறுகாய் ஜாடியைக் கண்டுகொள்ளாத கட்சி இந்த முறை தாங்கவில்லை. பிரிட்டனில் இருந்த அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை காணொளி வெளியானதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.